கால்வாய் ஒருகாலத்தில் எங்களுக்குச் சாலை

நீர்வளத் துறை அதிகாரிகளுக்கு, வணக்கம்.

நான் எண்ணூர்க்காரன். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். பக்கிங்காம் கால்வாயைத் தூர்வாரும் பேச்சு எழும்போதெல்லாம் வெள்ளநீர் வடிய வேண்டும் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. வடியத்தான் வேண்டும், மழைக்காலத்தில் எங்கள் தெருவிலும் தண்ணீர் நிற்கிறது. ஆனால் இந்தக் கால்வாயை வடிகாலுக்காக வெட்டவில்லை.

1806-இல் முதலில் வெட்டத் தொடங்கிய பகுதியே சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையில்தான். கோக்ரேன் என்ற வணிகரின் பெயரில் வழங்கிய அந்தச் சிறு கால்வாய் பின்னர் நீண்டு, பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஆனது. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டரை வெட்டியவை, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியின்றி வந்தவர்களின் கைகள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காமின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்து உப்பும் வடக்கேயிருந்து வந்த விறகும் இந்த நீரில்தான் பட்டணம் போயின. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கழி ஊன்றுவார்கள், அல்லது கரையில் நடந்து கயிற்றால் இழுப்பார்கள். பேசின் பிரிட்ஜ் என்ற பெயரில் உள்ள பேசின், ஓடங்கள் வந்து நின்ற நீர்நிலை. அதன் அருகே உள்ள சால்ட் கொட்டார்ஸ் வேறொன்றுமில்லை, நம் உப்புக் கொட்டாரம். இன்று இரண்டு பெயர்களையும் ரயிலோடு சேர்த்துத்தான் கேட்கிறோம்.

ரயில் வந்தது. 1948-இல் மோட்டார் வண்டித் தொழிற்சாலையே எங்கள் ஊருக்கு வந்தது. அறுபதுகளிலும் 1976-இலும் அடித்த புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. ஓடங்கள் நின்றன. 2001-இல் பெரிய துறைமுகம் வந்தபோது, ஆற்றில் இறால் பிடித்துப் பிழைத்தவர்களுக்கு அது துறையாக இருக்கவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்ப் படலம் இந்தக் கால்வாய் வழியாகவே கழிமுகத்தை அடைந்து, வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியது. உப்பு ஏறிப்போன பாதையில் எண்ணெய் இறங்கி வந்ததைப் பார்த்து நாங்கள் அழுதோம்.

என் பிள்ளைகள் அதைச் சாக்கடை என்கிறார்கள். அவர்களைத் திருத்த என்னிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

ஆகவே கேட்கிறேன். எண்ணூரில் கால்வாய் ஆற்றைச் சேரும் இடத்தில் சிறு படகுத்துறை ஒன்று கட்டுங்கள். மீனவர்கள் படகு கட்டவும் ஆகும். ஓடங்கள் என்ன ஏற்றிச் சென்றன என்பதைத் தமிழில் கல்லில் பொறித்து அங்கே நடுங்கள். இயந்திரம் இறங்குவதற்கு முன் குப்பத்துப் பெரியவர்களைக் கூப்பிட்டு, எங்கே ஆழம், எங்கே சேறு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓடத்தில் போன கடைசித் தலைமுறை எண்பதைத் தாண்டிவிட்டது. என்றைக்கு வருவீர்கள் என்று சொன்னால், அவர்களைக் கரைக்குக் கைபிடித்து அழைத்து வருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
எண்ணூர்வாசி ஒருவன்