பினாங்கு நண்பனுக்கு ஒரு நிரலாளனின் பதில்

கோலாலம்பூர்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன், இங்கும் நலமே. மேலாளர் பதவியை வேண்டாம் என்று சொன்னது ஏன், சம்பளமில்லாமல் இரவில் உட்கார்ந்து யார் யாருக்கோ நிரல் எழுதுவது ஏன் என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறாய். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஓவர்டைம் கணக்குப் பார்த்தே பழகிய உனக்கு இரண்டாவது கேள்வி எழாமல் இருந்தால்தான் வியப்பு. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பதில்தான் என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

வேலையைப் பற்றி முதலில். சைபர்ஜெயாவில் தொடங்கி, இப்போது பங்சார் சவுத்தில் ஒரு பணப்பட்டுவாடா நிறுவனத்தில் இருக்கிறேன். நான் செய்வது பேக்எண்ட், அதாவது சர்வரில் ஓடும் பின்னணி நிரல். பயனர் கண்ணில் அது படாது. வாடிக்கையாளர் கைப்பேசியில் பொத்தானை அழுத்துகிறார், இணைப்பு அறுகிறது, செயலி அதே கோரிக்கையை மறுபடியும் அனுப்புகிறது. அப்போது பணம் இருமுறை கழியவும் கூடாது, கழியாமலே போகவும் கூடாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். கேட்பதற்கு எளிது, இரண்டு கோரிக்கைகளும் ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு சர்வர்களைப் போய்ச் சேரும்போதுதான் அதன் கடினம் புரியும். மேலாளர் ஆகிவிட்டால் இதையெல்லாம் பிறர் செய்ய, நான் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதில் எனக்கு மனம் ஒட்டவில்லை.

இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் மூல நிரலைப் படித்து வந்தது. 1986இல் பெர்க்லியில் பல்கலைக்கழக ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி, இன்று எங்கள் நிறுவனம் போன்ற எத்தனையோ நிறுவனங்களின் கணக்குகளைத் தாங்கி நிற்பது அது. அதன் நிரல் கோப்புறைகளுக்குள் ஆங்காங்கே விளக்கக் குறிப்புகள் இருக்கும். தரவை விரைவாகத் தேட உதவும் குறியீட்டு மரத்துக்கு உரிய குறிப்பைத் திறந்தால், லேமன், யாவோ என்ற இரு ஆய்வாளர்கள் 1981இல் வெளியிட்ட வழிமுறையைப் போஸ்ட்கிரசை எழுதியவர்கள் எடுத்துக்கொண்டதையும், எந்த இடத்தில் எதற்காக அதிலிருந்து விலகினார்கள் என்பதையும் பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். என்ன செய்தோம் என்பதை நிரலே சொல்லிவிடும். ஏன் செய்தோம் என்பதை மனிதர்தான் எழுதி வைக்க வேண்டும். அலுவலகத்தில் என் நிரலைப் பார்ப்பவர்கள் குறிப்புகள் நீளம் என்று குறைப்பட்டுக்கொள்வதற்குக் காரணம் இந்தப் படிப்புதான்.

இனி இரவு வேலை. தமிழ்ப் பெயர்களைத் தேடுவதற்கு முன் ஒழுங்குபடுத்தித் தரும் ஒரு சிறு லைப்ரரியை, அதாவது பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, பராமரித்து வருகிறேன். ‘கோபால்’ என்ற பெயரில் உள்ள ‘கோ’வை, எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் ககரமும் ஓகாரக் குறியுமாக எழுதலாம்; ககரம், இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை வேறு வேறு. தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். இரண்டையும் ஒரே வடிவாக்க யூனிகோடிலேயே விதி இருக்கிறது. போஸ்ட்கிரசிலும் 2020இல் வந்த 13ஆம் பதிப்பு முதல் அதற்கென ஒரு செயற்கூறு உண்டு.

தலைவலி ஔகாரத்தில்தான். ‘மௌனம்’ என்பதைப் பலர் மகரம், ஒற்றைக் கொம்பு, பின்னர் ளகர எழுத்து என்று தட்டிவிடுகிறார்கள். யூனிகோடு விதி இதைத் தொடாது, ஏனெனில் அதன் கண்ணில் அது வேறோர் எழுத்து. கொம்புக்குப் பின் ளகரம் வந்தாலே ஔகாரமாக மாற்றிவிடலாம் என்று ஒருவர் நிரல் அனுப்பியிருந்தார். அதை ஓட்டினால் ‘தெளிவு’, ‘வெளி’ எல்லாம் சிதைந்துவிடும். ளகரத்தின் மேல் வேறு குறி இல்லாதபோது மட்டும் மாற்றலாமே என்று திருத்தி அனுப்பினார். ‘மெள நடந்து வந்தான்’ என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது? கடைசியில் சொற்பட்டியல் வைத்துத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. அழகான தீர்வு அன்று, ஆனால் யாருடைய பெயரையும் கெடுக்காது.

இத்தனையையும் விளக்கி, மனம் புண்படாமல் மறுத்து, சரியான வழியைக் காட்டிப் பதில் எழுதுவதற்கு, நானே நிரலை எழுதியிருந்தால் ஆகும் நேரத்தைவிட அதிகம் பிடிக்கிறது. நிரலை எவரும் பார்க்கவும் திருத்தி அனுப்பவும் திறந்து வைக்கும் திறமூலப் பணியில் பாதி இதுதான். ஒருவர் அனுப்பும் புதிய வசதியை ஏற்றுக்கொண்டால், அவர் போன பிறகும் அதைக் காப்பாற்றுவது என் பொறுப்பு. ஆகவே வேண்டாம் என்று சொல்லப் பழகியிருக்கிறேன்.

ஒரு செய்தி. அந்த லைப்ரரிக்குத் துணைப் பராமரிப்பாளர் ஒருவரைச் சேர்க்கப் போகிறேன். யாழ்ப்பாணத்துக்காரர், நேரில் பார்த்ததில்லை. எக்ஸ்இசட் விவகாரத்துக்குப் பிறகும் முகம் தெரியாதவரை நம்புகிறாயா என்று என் அலுவலக நண்பர்கள் கேட்கிறார்கள். நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி. லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது. தனியாளாக அதைப் பார்த்து வந்தவர் களைத்திருந்த காலத்தில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்லவிதமாக உழைத்து நம்பிக்கையைப் பெற்று, வெளியிடும் உரிமையையும் பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார். சர்வருக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று போஸ்ட்கிரஸ் குழுவைச் சேர்ந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் துருவிப் பார்த்ததால் 2024 மார்ச் 29 அன்று அது வெளிப்பட்டது. அரை நொடியைப் பொருட்படுத்தும் மனிதர்கள் இருப்பதால்தான் உலகம் தப்பித்தது என்று வை.

அந்நியரை நம்பாதே என்பதுதான் இதிலிருந்து எல்லாரும் எடுத்துக்கொண்ட பாடம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே ஓட்டையாக இருந்தது ஒரு மனிதரின் தனிமையும் களைப்பும். போதாக்குறைக்கு, கள்ளக் கதவைத் திறந்துவிடும் வரிகள் மூல நிரலை எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கும் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று தனியே கட்டிய கோப்பில் மட்டுமே இருந்தன. அதனால் என் லைப்ரரியில், களஞ்சியத்தில் உள்ளது மட்டுமே பொதுவான ஒரு கணினியில் தானாகக் கட்டப்பட்டு வெளியாக வேண்டும், அதற்கு இருவரின் ஒப்புதலும் வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டேன். அந்த விதி எனக்கும் பொருந்தும்.

உன் மகள் திறமூலத்தில் இறங்க விரும்புகிறாள் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. ஆனால் வேலை விண்ணப்பத்தில் காட்டுவதற்காக என்றால் வேண்டாம் என்று சொல். 2020 அக்டோபரில் நான்கு புல் ரிக்வெஸ்ட்டுக்கு, அதாவது திட்டத்தில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் நான்கு திருத்தங்களுக்கு, ஒரு டி-ஷர்ட் என்று ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறமூல நிகழ்வு விடுத்த அறிவிப்பை நம்பி ஆயிரக்கணக்கானோர் ஒப்புக்கு ஒரு சொல்லைத் திருத்தி அனுப்ப, பராமரிப்பாளர்கள் படாதபாடு பட்டார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அந்த மாதத்திலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அவள் தினமும் பயன்படுத்தும் ஒரு கருவியை எடுக்கட்டும். அதில் யாரோ முறையிட்டு, பதில் கிடைக்காமல் கிடக்கும் ஒரு வழுவைத் தன் கணினியில் மறுபடி நிகழ்த்திப் பார்த்து, எந்தப் பதிப்பில், எந்த வரிசையில் செய்தால் அது வருகிறது என்று எழுதி அனுப்பட்டும். நிரல் பிறகு எழுதலாம். என் போன்றவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

உன்னிடம் எனக்கும் ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது. உங்கள் கோயில் நிர்வாகக் குழுவின் பழைய உறுப்பினர் பட்டியல், யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டியது, உன் கணினியில் இருப்பதாக முன்பு சொன்னாய். அடையாள அட்டை எண்கள், முகவரி, தொலைபேசி அனைத்தையும் நீக்கி, பெயர்களை மட்டும் வரிசை கலைத்து, குழுவின் அனுமதியோடு அனுப்பி வை. எங்கள் சோதனைகளுக்கு அப்படிப்பட்ட பெயர்கள்தான் தேவை. எந்த எழுத்துரு என்று நினைவிருந்தால் அதையும் குறிப்பிடு.

அன்புடன்,
உன் நண்பன்