செட்டிநாட்டு ஓடுபாதை குறித்து ஒரு கடிதம்

காரைக்குடி

அன்புள்ள சொக்கலிங்கம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்திக்குத் திருமணம் நிச்சயமான செய்தி கேட்டு வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. செட்டிநாட்டு விமானதளத்தை மறுபடியும் திறக்கப் போகிறார்களாமே என்று கேட்டிருந்தீர்கள். ஊரில் அந்தப் பேச்சு பலமாகவே இருக்கிறது. திருச்சி விமான நிலையத்தில் ஓடுபாதைப் பராமரிப்பிலேயே பணிக்காலத்தைக் கழித்த உங்களிடம், இது பற்றி என் மனத்தில் இருப்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு 1942ஆம் ஆண்டை மறக்க முடியாது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் போயிற்று. ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் 9 அன்று திருகோணமலையிலும், இடையில் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. கீழ்ப்பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, முப்பதுகளின் இறுதியில், கடனுக்கு ஈடாக நம் நாட்டுக்கோட்டை நகரத்தார் கைக்கு வந்திருந்தது. அந்த நிலங்களையும் கடைகளையும் அப்படியே விட்டுவிட்டு, கடல்கடந்து தொழில் செய்ய, நம் வழக்கில் ‘கொண்டுவிக்க’, போயிருந்தவர்களில் பலர் காடும் மலையுமாக நடந்து ஊர் திரும்பினார்கள். அதே போர்தான் சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு ஆகிய இடங்களைப் போல நம் செட்டிநாட்டுச் செம்மண்ணிலும் ஓர் ஓடுபாதையைப் போட வைத்தது. பர்மாவை இழந்த வீடுகளுக்கு அருகிலேயே, பர்மாவை இழந்ததால் தேவைப்பட்ட தளம் ஒன்று எழுந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

போர் முடிந்ததும் இந்தத் தளங்கள் வெவ்வேறு வழிகளில் போயின. சோழவரத்தில் பல்லாண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்தது. தஞ்சாவூர்த் தளம் 2013இல் விமானப்படை நிலையமாக மீண்டும் இயங்கத் தொடங்கியது. இராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளி 2009இல் ‘ஐ.என்.எஸ். பருந்து’ என்ற கடற்படை விமானதளமாயிற்று. நம்முடையதோ கால்நடைப் பண்ணையின் பரந்த நிலத்தோடு அமைதியாகக் கிடக்கிறது.

‘பாதை ஏற்கெனவே இருக்கிறதே, செப்பனிட்டால் போதாதா?’ என்று இங்கே பலர் கேட்கிறார்கள். விமானதளம் என்பது பாதை மட்டுமன்று என்பதை நான் உங்களிடம்தான் கற்றேன். விடியற்காலையில் பாதை முழுவதையும் பார்வையிட்டு, ஒரு கூழாங்கல் கிடந்தாலும் அது இயந்திரத்துக்குள் இழுக்கப்படும் என்று பொறுக்கி எடுக்க ஆள் வேண்டும். புல் வளர்ந்தால் பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பறவை வரும் என்பதால் ஓரங்களை அளவாக வெட்ட வேண்டும். விமானம் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் விரும்புவதால், ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழியில் வடகிழக்கிலிருந்தும் வீசும் காற்றை நாள்தோறும் கவனித்துச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் அதே விமானம் எழும்புவதற்கு இன்னும் நீளமாக ஓட வேண்டியிருக்கும் என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. தீயணைப்பு வண்டியும் வேலியும் இல்லாமல், மாடு மேயும் நிலத்தில் பயணிகள் விமானத்தை இறக்க முடியாது.

ஆகவே திறப்பு விழாவைவிட, பத்தாம் ஆண்டு இதை யார் பேணுவார் என்பதே என் கவலை. சேலத்தைப் பாருங்கள்: 2018இல், சிறு நகரங்களுக்கும் விமானச் சேவை தரும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சென்னைக்கு விமானம் பறந்தது, பிறகு நின்றது, 2023இல்தான் மறுபடி தொடங்கியது. இங்கிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் காரிலேயே சுமார் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். மாளிகைகளைப் பார்க்க வரும் வெளிநாட்டவரை மட்டும் நம்பி அன்றாடச் சேவை நடத்துவது கடினம். என்னைக் கேட்டால், முதலில் விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றை இங்கே நடத்தலாம் என்பேன். சிறிய விமானங்களுக்குக் குறைந்த நீளமே போதும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் பராமரிப்பு வேலை பழகும்.

திருமண வேலைகள் முடிந்ததும் இங்கே வாருங்கள். பழைய கான்கிரீட்டின் இணைப்புகளில் செடி முளைத்திருக்கிறது. அடித்தளம் இன்னும் பாரம் தாங்குமா, மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது என்பதை உங்கள் கண்ணால் பார்த்துச் சொன்னால், உரியவர்களுக்கு நான் எழுதவிருக்கும் மனுவில் அதைச் சேர்த்துக்கொள்வேன்.

அன்புடன்,
மெய்யப்பன்