மலைக்காட்டு மண்பாதை: ஏறுவதை மட்டும் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலைக்காட்டு மண்பாதைகளில் ஜீப் ஓட்டிச் செல்வது பற்றிய பயணக் கட்டுரைகள் நாளிதழ்களின் வார இணைப்புகளில் அடிக்கடி வருகின்றன. படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் எல்லாப் படத்திலும் வண்டி ஏறிக்கொண்டே இருக்கிறது, இறங்குவதே இல்லை. ஏறும்போது சக்தி போதாவிட்டால் வண்டி நின்றுவிடும். இறங்கும்போது பிடி போதாவிட்டால் நிற்காது. எழுத வேண்டியது இதைத்தான்.

செங்குத்தான மண் இறக்கம் தொடங்கும் முன்பே வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஃபோர் வீல் லோ ரேஞ்சுக்கு (நான்கு சக்கரமும் குறைந்த வேகத்தில், அதிக இழுவிசையில் சுழலும் கியர் நிலை) மாற்றி, முதல் கியரைப் போட்டுவிட வேண்டும். பாதி இறங்கியபின் மாற்றப் பார்த்தால், கியர் விழாத அந்தச் சில விநாடிகளில் வண்டி தன் போக்கில் ஓடும். மேனுவல் கியர் வண்டியானால் கிளட்ச் மேல் கால் இருக்கவே கூடாது. எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை அவ்வப்போது மெல்லத் தொட்டால் போதும். காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டி, மிதி பிடிப்பின்றி அடிவரை இறங்கிவிடும். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 ரகத்துக்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 155 டிகிரிதான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது மெக்கானிக் பிழைப்புக்காக அல்ல.

இறக்கத்தில் பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கினால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போகக் கூடாது. ஸ்டியரிங்கை இறக்கத்தின் நேர்ப்போக்குக்குத் திருப்பி, ஆக்ஸிலரேட்டரை ஒரு துளி கொடுத்தால் சக்கரங்கள் உருண்டு பிடி திரும்பும். ஏற்றத்தில் எஞ்சின் அணைந்துபோனாலும் நேர்ப்போக்குதான் முக்கியம், ஆனால் அங்கே பிரேக் வேண்டும்: பிரேக்கில் நிறுத்தி, ரிவர்ஸ் கியர் போட்டு, ஏறிய தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்க வேண்டும். சரிவில் குறுக்கே திருப்பினால் வண்டி உருள வாய்ப்பு அதிகம். நியூட்ரலில் பின்வாங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்து டயர்க் காற்று. அதைக் குறைக்க ஒரு பைசா செலவில்லை, ஆனாலும் யாரும் செய்வதில்லை. தார்ச்சாலைக்குக் காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால், கல்லும் மண்ணும் கலந்த பாதைக்கு 22 முதல் 25 வரை குறைக்கலாம். தரையில் படியும் பகுதி நீளும். டயர் கல்லின் மேல் துள்ளாமல் அதன் மேல் படிந்து ஏறும். ஆழமான சேற்றுக்கு 18 வரை இறங்கலாம். 15க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் உண்டு. பாரம் அதிகமென்றால் இவ்வளவு குறைக்கக் கூடாது. தார்ச்சாலைக்கு வந்தவுடன் மறுபடி ஏற்றியாக வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். ஆகவே அளவுமானியும் 12 வோல்ட் கம்ப்ரசரும் இல்லாமல் காற்றை இறக்கவே வேண்டாம்.

ஃபோர் வீல் டிரைவ் என்ற பெயரை நம்பி ஏமாறுவதும் உண்டு. முன்னால் ஒரு சக்கரமும் அதற்கு எதிர்மூலையில் பின்னால் ஒன்றும் பிடியிழந்து தூக்கிக்கொண்டால், சாதாரண டிஃபரன்ஷியல் (இருபுறச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பு) அந்த இரண்டை மட்டும் வெறுமனே சுழற்றும். இருபுறச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கரோ, வீணே சுழலும் சக்கரத்துக்குத் தானே பிரேக் போடும் டிராக்‌ஷன் கன்ட்ரோலோ இல்லாத வண்டியில் ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்தக் குழிதான் ஆழமாகும். இறங்கி, தொங்கும் சக்கரத்துக்கு அடியில் கல் அடுக்குவதே வழி.

சிக்கிய வண்டியை இழுக்கும்போது கயிற்றை, வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டுவதற்கு உள்ள இரும்புக் குண்டில் மாட்டாதீர்கள். அது நிதானமாக இழுக்கும் பாரத்துக்கானது. வெட்டி இழுத்தால் ஒடிந்து பீரங்கிக் குண்டாகப் பறக்கும். சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) போல்ட் போட்ட இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டி, கயிற்றின் நடுவில் கனமான போர்வையைப் போட்டு, வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரல் வளையத்துக்கு வெளியே இருக்கட்டும்; பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டியில் சக்கரம் கல்லில் மோதி உதைத்தால் விரல் முறியும்.

எனவே ஒரு வேண்டுகோள். பாதை பற்றி எழுதும்போது தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் போடாதீர்கள். இத்தகைய பாதையில் மணிக்கு 10 கிலோமீட்டரே நல்ல வேகம்; 30 கிலோமீட்டர் என்பது மூன்று மணி நேரம். லோ ரேஞ்சில் எரிபொருளும் வெகுவாகக் கூடும். லோ ரேஞ்ச் கட்டாயமா, எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் எங்கே, மழைக்குப் பின் பள்ளத்துப் பக்க விளிம்பு தாங்குமா, வனத்துறை அனுமதி வேண்டுமா என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாகத் தரலாம். அதில் ஒரு வரி, காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதற்கும் ஒதுக்குங்கள். ஏறி வந்த வண்டியின் சைலன்சர் குழாய்ச் சூடு, குறிப்பாகப் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிப் பெட்டியின் (கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) சூடு, அடியில் உரசும் புல்லைப் பற்றவைக்கப் போதுமானது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்