"அதுகள்" என்று எழுதியவர்களுக்கு

கிழக்கு லண்டனில் இருந்துகொண்டு வெஸ்ட் ஹாம் உதைபந்துக் கிளப்புக்காகத் தொண்டை கிழியக் கத்தும் தமிழ் உறவுகளுக்கு,

வணக்கம். போன கிழமை தோற்ற போட்டியைப் பற்றித்தான் எங்கள் இணையக் குழுவில் கதை தொடங்கியது. பின்வரிசை ஏன் இப்படி ஓட்டையாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். பத்து நிமிடத்தில் அது பிரெக்சிட்டில், பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதில், போய் நின்றது. "எசெக்ஸ் வெள்ளையளுக்கு மூளை இல்லை, அதுகள்தான் வோட் போட்டு நாட்டைக் கெடுத்ததுகள்" என்று ஒரு தம்பி எழுதினார். "இல்லை, கெடுத்தது படகிலை வந்து இறங்கிற அதுகள்" என்று ஒரு அண்ணை பதில் போட்டார். அண்ணைக்கு 23 பேர் கை தட்டியிருந்தீர்கள். அந்த 23 பேரில் ஆறு பேரை எனக்கு நேரே தெரியும். எந்த ஏஜென்சிக்காரன் மூலம், எந்தப் பெயரில் இருந்த கடவுச்சீட்டில் வந்து இறங்கினீர்கள் என்பதும் தெரியும். பயப்பட வேண்டாம், சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் வந்தேன்.

முதலில் தம்பிக்கு. எசெக்ஸ் வெள்ளையர் மட்டும் வோட் போடவில்லை, தம்பி. நானும் வெளியேறத்தான் போட்டேன். 2016 ஜூன் 23. லண்டனில் அன்றைக்குக் கொட்டிய மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சப்பாத்துக்குள் தண்ணீர் சதக் சதக் என்று அடிக்க, நூலில் கட்டி வைத்திருந்த கட்டைப் பென்சிலால் புள்ளடி போட்டுவிட்டு வந்தேன். மச்சாளின் மகன் நல்ல சமையல்காரன். அவனுக்கு விசா கேட்டு இரண்டு முறை மறுத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் இருந்து வருகிறவர் மட்டும் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு உள்ளே நடக்கிறாரே என்று எனக்கு எரிச்சல். அந்த நேரம் அமைச்சராக இருந்த பிரீத்தி பட்டேல் கறிக்கடைகளைக் காப்பாற்றுவோம் என்று பிரசாரம் செய்துகொண்டிருந்தார். ஐரோப்பாக்காரருக்குக் கதவைச் சாத்தினால் எங்கள் பக்கக் கதவு திறக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். கறி வாசத்தில் விழுந்த ஆள் நான் மட்டும் இல்லை. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் அன்றைக்கு ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் போய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

எங்கள் நியூஹாம் ஏறக்குறைய 53 வீதம் இருப்போம் என்றது. பக்கத்து பார்க்கிங் - டாகன்ஹாம் 62 வீதம் வெளியேறுவோம் என்றது. ஹேவரிங்கில் அது 70 வீதத்தைத் தொட்டது. நாட்டு முடிவு 52க்கு 48. நான்காம் நாள் ஐஸ்லாந்திடம் 2-1 என்று இங்கிலாந்து தோற்றபோது, ஒரே கிழமையில் இரண்டாம் தரமும் ஐரோப்பாவை விட்டு வெளியேறிவிட்டோம் என்று எல்லாரும் பகிடி விட்டார்கள். நானும் சிரித்தேன்.

கதவு திறக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். திறந்தது. வாக்கெடுப்பு நேரம் வருடத்துக்கு 3 இலட்சத்துச் சொச்சமாக இருந்த நிகரக் குடிவரவு, 2023 அளவில் 9 இலட்சத்தைத் தாண்டியது. 2022இல் முதியோர் பராமரிப்பு வேலைக்கு விசா கொடுத்தார்கள். கேரளத்தில் இருந்தும் தமிழ்நாட்டில் இருந்தும் பிள்ளைகள் வந்து எங்கள் கிழவர்களைக் குளிக்க வார்த்தார்கள். அப்புறம் சனம் கூடிவிட்டது என்று சத்தம் வந்தது. 2024இல் வேலை விசாவுக்கான சம்பள எல்லையை 38,700 பவுணாக உயர்த்தினார்கள், 2025இல் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டில் ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். மச்சாளின் மகன் இதற்கிடையில் கனடா போய் இரண்டு பிள்ளையும் பெற்றுவிட்டான்.

படகுக் கதை இன்னும் விசேஷம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தபோது, ஒருவர் முதலில் கால் வைத்த நாட்டுக்கே அவரைத் திருப்பி அனுப்பக் கேட்கும் டப்ளின் ஒழுங்கு ஒன்று இருந்தது. பிரித்தானியா வெளியேறியதோடு அதுவும் போயிற்று. 2022இல் மட்டும் 45 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் படகில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி வந்தார்கள். எல்லையை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று போட்ட புள்ளடியில் என்னுடையதும் ஒன்று.

உதைபந்துக்கு வருகிறேன். கோபம் வந்தால், "வெளிநாட்டுக்காரரை எடுத்து எடுத்துத்தான் இந்தக் கிளப் நாசமாகிறது" என்று எழுதுகிறீர்கள். கோல் அடித்துவிட்டால் அதே ஆளுடைய பெயரை முதுகில் குத்திய சட்டையை மகனுக்கு வாங்கிக் கொடுக்கிறீர்கள். 2016இல் எங்கள் பழைய மைதானமான அப்டன் பார்க்கில் கடைசிப் பருவம் ஆடியபோது எங்கள் செல்லப்பிள்ளை யார்? டிமித்ரி பயே. ரியூனியன் தீவில் பிறந்தவர். காரைக்கால் பக்கத்துத் தமிழரைக் கப்பலில் ஏற்றிக் கரும்பு வெட்டக் கொண்டுபோன அதே தீவு. அணியை நடத்தியவர் பிலிச், குரோவேஷியாக்காரர். 2020 ஜனவரியில் சௌசெக்கும் ஒக்டோபரில் சௌஃபாலும் செக் நாட்டில் இருந்து வந்தார்கள். சௌஃபால் வந்து மூன்று மாதத்தில் சட்டம் மாறிவிட்டது. 2021 ஜனவரி 1இல் இருந்து ஐரோப்பாக்காரருக்கும் வேலை அனுமதிக்குப் புள்ளி எண்ணுகிறார்கள். நாட்டு அணிக்கு எத்தனை போட்டி ஆடினார், எந்த லீக், எவ்வளவு நேரம் களத்தில் நின்றார் என்று பார்க்கிறார்கள். 18 வயதுக்கு உட்பட்ட வெளிநாட்டுப் பெடியனை எடுக்கவே முடியாது. 16 வயதில் ஆர்சனலுக்கு வந்த ஃபாப்ரிகாஸ் போலவோ மான்செஸ்டர் யுனைட்டட்டுக்கு வந்த போக்பா போலவோ இன்னொருவர் இனி வர வழியில்லை. கிளப்புகள் அழுது அழுது, புள்ளி போதாதவர்களிலும் நான்கு பேர் வரை எடுக்கலாம் என்று 2023இல் சலுகை வாங்கிவிட்டன. கிழவரைக் குளிக்க வார்க்கும் பிள்ளைக்கு அப்படி அழுது கேட்க ஒரு ஆளும் இல்லை.

அதே 2023 ஜூனில் நான் செக் தலைநகர் பிராக் போனேன். உங்களில் பலரும் வந்தீர்கள். இத்தாலியின் ஃபியோரென்டினாவுடன் யூரோப்பா கொன்ஃபரன்ஸ் லீக் இறுதிப் போட்டி. கையில் ரிக்கட் இல்லை, ஊரில் நின்றாவது பார்ப்போம் என்ற ஆசை. விமான நிலையத்தில் இரண்டு வரிசை. ஐரோப்பிய ஒன்றியத்தார் வரிசை வழுக்கிக்கொண்டு போனது. மற்றவர்கள் வரிசையில் நாங்கள் நின்றோம். எனக்கு முன்னால் கிளப் சட்டை போட்ட, எசெக்ஸ் பக்கத்து ரொம்ஃபோர்ட்காரர் ஒருவர், அறுபது வயது இருக்கும், நெற்றி வியர்த்துவிட்டது. திரும்பிப் பார்த்து, "எப்போதும் இவ்வளவு நேரம் எடுக்குமா?" என்று கேட்டார். வரிசை விஷயத்தில் நான் அனுபவசாலி என்று முகத்தைப் பார்த்தே முடிவெடுத்துவிட்டார். பிழை சொல்ல முடியாது. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு கிடைக்கும்வரை எனக்கு எங்கேயும் இப்படித்தான், நடுவில் இருபது வருடம் ஓய்வு, இப்போது மறுபடியும் தொடங்கியிருக்கிறது என்றேன். தான் வெளியேறத்தான் வாக்குப் போட்டதாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நானும்தான் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். டக்கென்று முத்திரை விழுந்தது. எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.

அன்றிரவு ஒரே கடையில் நின்று பார்த்தோம். 90ஆம் நிமிடம், பிரேசில்காரர் பக்கெட்டா தள்ளிவிட, போவன் ஓடிப்போய் அடித்தார். 2-1. 43 வருடத்துக்குப் பிறகு ஒரு பெரிய கிண்ணம். அதுவும் சௌசெக்கும் சௌஃபாலும் வெஸ்ட் ஹாமுக்கு வருமுன் ஆடிய ஸ்லாவியா கிளப்பின் சொந்த மைதானத்தில். ரொம்ஃபோர்ட்காரர் என்னைத் தூக்கிவிட்டார். என் எடை 84 கிலோ.

அவருடைய கதையையும் கேட்டேன். பிளெய்ஸ்டோவில் பிறந்தவர். தகப்பன் டாகன்ஹாம் ஃபோர்ட் தொழிற்சாலையில் வேலை. 2002இல் அங்கே கார் செய்வது நின்றது. பிறந்த தெருவில் வாடகை கட்ட முடியாமல் வெளியே போனவர், விளையாட்டு நாளில் மட்டும் அப்டன் பார்க் மைதானம் இருந்த கிரீன் ஸ்ட்ரீட்டுக்கு வருவாராம். 2016இல் அந்த மைதானமும் போயிற்று, இப்போது அங்கே அடுக்குமாடி. அவர் கோபப்பட்டதில் பாதி எனக்கு விளங்கியது. மீதிப் பாதி விளங்கவில்லை, அதை அவருக்கே சொல்லியும் விட்டேன். தம்பி, நீங்கள் "மூளை இல்லாத அதுகள்" என்று எழுதியது இந்த மனிதரைத்தான். இந்தக் கிளப் பக்கம் நிறவெறியே இருந்ததில்லை என்று நான் சொல்லவில்லை. 1968இல் பெர்முடாவில் இருந்து 17 வயதில் வெஸ்ட் ஹாமுக்கு ஆட வந்த கறுப்பினப் பெடியன் கிளைட் பெஸ்டைக் கூட்டிப்போக ஹீத்ரோவுக்கு யாரும் வரவில்லை. பெடியன் தானே ரயில் ஏறி வெஸ்ட் ஹாம் ஸ்டேஷனில் இறங்கிப் பார்த்தால் அங்கே மைதானம் இல்லை, அப்டன் பார்க்கில் இறங்கியிருக்க வேண்டும். பிறகு அவரைப் பார்த்துக் குரங்குச் சத்தம் போட்டார்கள், முகத்தில் அசிட் ஊற்றுவோம் என்று கடிதம் அனுப்பினார்கள். அவருக்காகக் கத்தித் தொண்டை கட்டியவர்களும் அதே பார்வையாளர் மேடைகளில்தான் நின்றார்கள்.

இனி அண்ணைக்கு. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் திருப்பி ஏற்றப் பார்த்தபோது உடுப்பைக் கழற்றி நின்று மறியல் செய்தவர்கள் எங்கள் ஆட்கள். அதே வருடம், ஆவணம் இல்லாதவரை ஏற்றி வரும் விமானத்துக்கு ஆளுக்கு 1,000 பவுண் தண்டம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். எசெக்ஸ் கரையில் ஹார்விச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற கப்பலில் அகதிகளை அடைத்து வைத்தார்கள். அதிலும் தமிழர் இருந்தார்கள். ஒக்டோபர் புயலில் கயிறு அறுந்து கப்பல் தரை தட்டியது. அந்த நேரத்துப் பத்திரிகைகள் எங்களைப் பற்றி என்ன எழுதின என்று தேடி வாசியுங்கள். நீங்கள் போன கிழமை எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"அதுகள்" என்ற சொல்லில் எனக்குக் குறை இல்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்து வந்தபோது, சாவகச்சேரியில் எங்கள் வீட்டு விறாந்தையிலும் மாட்டுக் கொட்டிலிலும் சனம். நான் அப்போது இங்கே பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. அம்மா தொலைபேசியில் சொன்னது ஒரே வரி: "பாவம், அதுகள் மழைக்குள்ளை எங்கை போகும்?" இப்போது அதே சொல்லை நீங்களும் எடுத்திருக்கிறீர்கள்.

ஒரே ஒரு கேட்பு. குடிவரவு கூடிவிட்டது, குறைக்க வேண்டும் என்று சண்டை பிடியுங்கள், நானும் வருகிறேன், சில இடத்தில் உங்கள் பக்கமும் நிற்பேன். அந்த இரண்டு பதிவையும் மட்டும் எடுத்துவிடுங்கள். எழுதியவர்களே எடுத்தால் நல்லது.

வருகிற சனிக்கிழமை போட்டி முடிய ரொம்ஃபோர்ட்காரரைக் கிழக்கு ஹாமுக்குக் கூட்டி வருகிறேன். கொத்து சாப்பிட்டதில்லையாம். தம்பியும் அண்ணையும் வந்தால் மேசை பெரிதாகப் போடச் சொல்கிறேன். உறைப்பு அவருக்கு ஆகாது, குறைத்துப் போடச் சொல்லி இப்போதே கடையில் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்