எட்டு போட வைத்தவர்களுக்கு

புதுக்கோட்டை மேல வீதிகளில் குடியிருக்கும் அன்பர்களுக்கும், கடந்த ஐந்து மாதங்களாக என் தலை தெரிந்ததும் தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறிக்கொண்ட அனைவருக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை தபால்காரர் ஒரு கவரைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். உள்ளே ஓட்டுநர் உரிமம், கியர் இல்லாத இருசக்கர வாகனத்துக்கு. எனக்கு வயது 48. படத்தில் நான் எதையோ திருடிவிட்டு அகப்பட்டவளைப் போல முழிக்கிறேன். இருக்கட்டும், உரிமம் உரிமம்தான். "கிடைச்சிருச்சா டீச்சர்? இனி நான்தான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார் தபால்காரர். முதல் நன்றி அவருக்கே. தை மாதத்தில் ஒரு நாள் அவருடைய வண்டி மீது நான் மெதுவாக, மிக மெதுவாகப் போய்ச் சாய்ந்தபோது, ஒரு வார்த்தை பேசாமல் கடிதங்களைப் பொறுக்கிக்கொண்டவர் அவர்.

இந்த வயதில் எதற்கு இந்த வேலை என்று பலர் கேட்டீர்கள். காரணம் ஒரு கல்யாணம். கார்த்திகையில் ஒரு முகூர்த்தத்துக்குத் தனியாகப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்து, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். ஆபீஸில் ஆடிட்டாம். கொழுந்தனார் திருச்சியில். பக்கத்து வீட்டுத் தம்பி எடுக்கவில்லை. ஆட்டோக்காரர் "பத்து நிமிஷம்" என்றார், அது அவருடைய பத்து நிமிஷம். நான் நின்றுகொண்டே இருந்தேன். வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். பந்தல்காரர்கள் வந்து துணியைச் சுருட்டினார்கள். கடைசியில் வாட்ச்மேன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "உங்களக் கூட்டிட்டுப் போக இன்னும் ஆள் வரலையாம்மா?" என்றார், பள்ளிக்கூடம் விட்டும் அழைத்துப்போக யாரும் வராத எல்.கே.ஜி. பிள்ளையிடம் கேட்பதைப் போல. அந்த நாற்காலிக்கும் அந்தக் கேள்விக்கும் நன்றி. கேள்விதான் என்னை வண்டியில் ஏற்றியது.

வண்டி வீட்டிலேயே இருந்தது. மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது விட்டுச் சென்ற ஸ்கூட்டர். அதன் மேல் நாங்கள் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தோம்.

சக்கரத்தோடு எனக்குப் பழைய பகை ஒன்று உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1992இல் எனக்குப் பதினைந்து வயது. அந்த ஆண்டு நம் மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்த காலம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், நர்சம்மாக்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சாயங்காலம் ஆனால் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளிலேயே ஏறினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், அது இன்னும் வசதி என்று சொன்னவர்களும் உண்டு. பால்வாடியில் வேலை பார்த்த என் அத்தை நான்கே நாளில் கற்றுக்கொண்டு ஐந்தாம் நாள் என்னைக் கேரியரில் வைத்து ஓட்டிப் போனார்.

நானும் ஏறினேன். ஏறி நேராகக் கருவேலம் புதருக்குள் போனேன். முகவாயில் மூன்று தையல். தழும்பு இன்னும் இருக்கிறது. மாவட்டமே சைக்கிள் பழகிய ஆண்டில் பழகாமல் விட்ட ஒருத்தி நானாகத்தான் இருப்பேன். அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் கேரியர், பின்சீட்டு, ஆட்டோ, டவுன் பஸ்தான். பின்னால் உட்கார்ந்து வருவதில் நான் கெட்டிக்காரி. ஒரு கையில் மாவு டப்பாவும் மறு கையில் குடையும் வைத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல் கீரனூர் வரை போவேன்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமத்துக்கு மகள்தான் கோயம்புத்தூரிலிருந்து விண்ணப்பம் போட்டாள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் 1ஏ படிவத்தில் மருத்துவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றாள். போனேன். மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "ஏன் இவ்வளவு ஏறியிருக்கு?" என்றார். "வண்டி ஓட்டக் கத்துக்கப் போறேன் டாக்டர்" என்றேன். "இன்னும் ஏறவே இல்லையே" என்று சொல்லி, மோர் குடித்துவிட்டு வரச் சொன்னார். மோர் குடித்துவிட்டுப் போனேன், கையெழுத்துப் போட்டார். அவருக்கும் எதிர்க்கடை மோருக்கும் நன்றி.

வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லும் பத்தியை மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். கணவன் மனைவிக்கு வண்டி கற்றுக்கொடுக்கக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்க வேண்டும். "முறுக்காதே." "முறுக்கு." "ஏன் முறுக்கினே?" இவை மூன்றும் ஒரே மூச்சில் வரும். அப்படியும் மனிதர் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, பின்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே ஓடினார். எப்போது கையை விட்டார் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தூரத்தில் மின்கம்பத்தடியில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று கையாட்டுகிறார். திரும்பிப் பார்த்ததால் நான் விழுந்தேன் என்பது வேறு விஷயம். ஓடி ஓடி அவருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. அதற்கு அவர்தான் எனக்கு ஒரு மடல் எழுத வேண்டும்.

அடுத்து, இந்த ஊரைக் கோடு போட்டு அமைத்த தொண்டைமான் காலத்து ஆட்களுக்கு. அவர்கள் இல்லையென்றால் நான் முதல் வாரத்திலேயே விட்டிருப்பேன். வலப்பக்கம் திரும்புவது எனக்கு வரவில்லை. எதிரே வண்டி வரும், பின்னால் ஹார்ன் அடிப்பார்கள், கை காட்டினால் ஹேண்டில் ஆடும். ஆனால் நம் ஊர் கட்டம் போட்ட கணக்கு நோட்டு. ராஜ வீதி, அதற்கு வெளியே இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று எல்லாம் நேர்கோடு. இடப்பக்கம், இடப்பக்கம், இடப்பக்கம், மறுபடியும் இடப்பக்கம். நான்கு செங்கோணம், வீடு வந்துவிடும். இரண்டு மாதம் நான் வலப்பக்கம் திரும்பாமலேயே காய்கறி வாங்கினேன், பள்ளிக்கூடம் போனேன், ரேஷன் கடைக்கும் போனேன். சாலைக்கு மறுபுறம் இருக்கும் மளிகைக் கடைக்குப் போக ஒன்றரைச் சுற்று ஆகும். கடைக்கார அண்ணாச்சி முதல் சுற்றில் என்னைப் பார்த்ததும் பொட்டலம் கட்ட ஆரம்பித்து, இரண்டாம் சுற்றில் கையில் கொடுத்துவிடுவார். அண்ணாச்சி, நன்றி.

அப்படிப்பட்ட நேர்கோட்டு ஊர்க்காரியைப் பார்த்து எட்டு போடு என்றால் என்ன செய்வாள்?

முதல் டெஸ்ட் மாசிக் கடைசியில். மாமியார் முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க, நசுக்கிக்கொண்டுதான் புறப்பட்டேன். எட்டின் முதல் வட்டம் வந்தது. இரண்டாவதில் பாதியில் கால் ஊன்றிவிட்டேன். கால் ஊன்றினால் அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. என்ன வேலை என்று கேட்டார். கணக்கு டீச்சர் என்றேன். "எட்டு கேட்டேன் டீச்சர், நீங்க மூணுல நிறுத்திட்டீங்க" என்றார். எங்கள் பள்ளி ஆறாம் வகுப்புக்கு இந்தச் செய்தி எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை. மறுநாள் கரும்பலகையில் யாரோ பெரிதாக ஒரு 3 போட்டு வைத்திருந்தார்கள். அழிக்காமல் பாடம் நடத்தினேன்.

தோற்றால் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி போக முடியும். நான் ஒரு மாதம் கழித்துப் போனேன், பங்குனியில். அன்று பதற்றத்தில் பிரேக்குக்குப் பதில் ஹார்னை அழுத்திக்கொண்டே கோட்டைத் தாண்டிப் போனேன். அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை.

இனிமேல் வேண்டாம் என்று அன்றைக்கு வண்டி மேல் மறுபடி துண்டைக் காயப்போட்டேன். அதை எடுத்தவர் எதிர்வீட்டு அக்கா. இத்தனைக்கும் நான் அவருடைய துளசித் தொட்டியை உடைத்திருந்தேன். தினமும் காலையில் அவர் போட்டு முடித்த கோலத்தின் மேல்தான் என் சக்கரம் ஏறும். ஒரு வார்த்தை கோபமாகச் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் வந்து, "எட்டுதானே வரல? சிக்குக் கோலத்துல எத்தனை எட்டு இருக்கு தெரியுமா உனக்கு?" என்றார்.

மறுநாள் ஊருக்கு வெளியே வீட்டுமனை பிரித்துப் போட்டிருக்கும் இடத்துக்குப் போனோம். தார் ரோடு, வெள்ளையடித்த மனைக்கற்கள், நாலு ஆடு, ஒரு நாய். மனுஷர் கிடையாது. அக்கா கோலமாவு டப்பாவைத் திறந்து, குனிந்து, பின்னாலேயே நகர்ந்துகொண்டு தார் ரோட்டில் எட்டு போட்டார். வாழ்நாளில் அவ்வளவு பெரிய எட்டை நான் பார்த்ததில்லை. அளவு நாடா இல்லை, கயிறு இல்லை. இரண்டு வட்டமும் ஒன்றுபோல. "வளையும்போது கை நின்னா சிக்கு உடைஞ்சிரும். மெதுவாப் போகலாம், நிக்கக் கூடாது" என்றார். வட்டத்தின் சுற்றளவுக்குச் சூத்திரம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, அதைச் சொல்ல ஒரு கோலக்காரி வேண்டியிருந்தது.

அங்கேதான் என் பழைய மாணவன் ஒருவனும் அகப்பட்டான். டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டராம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், பின்னம் வரவில்லை என்று நான் பெஞ்ச் மேல் ஏற்றியவன். எவனாயிருந்தாலும் பழி வாங்கியிருப்பான். இவன் பொறுமையாக, "டீச்சர், முன்சக்கரத்தையே பாக்குறீங்க. அடுத்து எங்க போகணுமோ அங்க பாருங்க, வண்டி கண்ணு போற பக்கம்தான் போகும்" என்றான். ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, வேகத்தைப் பின்பிரேக்கால் மட்டும் லேசாகத் தடவித் தடவிக் குறைக்கச் சொன்னான். முன்பிரேக்கை வளைவில் தொடவே கூடாதாம். பதினோரு நாள் அந்தக் கோலமாவு எட்டின் மேல் சுற்றினேன். காற்றில் கலைந்தால் அக்கா மறுநாள் திரும்பப் போடுவார். ஆடுகள்கூட ஒரு வாரத்தில் பழகிவிட்டன, கோட்டுக்கு வெளியே நின்று அசைபோட்டன. தம்பி, உனக்கு வர வேண்டியிருந்தது அந்தப் பின்னம் ஒன்றுதான். வராவிட்டால் போகிறது.

சித்திரையில் மூன்றாவது டெஸ்ட். எலுமிச்சம்பழம் விலை அப்போது ஏறியிருந்ததால் மாமியார் ஒரு காயை நான்காக நறுக்கிக் கால் பங்கு வைத்தார். அதுவே போதுமானதாக இருந்தது. கீழே பார்க்கவில்லை. அடுத்த வளைவை மட்டும் பார்த்தேன். ஒரு சுற்று முடித்து, நிறுத்தச் சொல்வார்கள் என்று தெரியாமல் இன்னொரு சுற்றும் போட்டுவிட்டேன். "போதும் டீச்சர், பதினாறு ஆயிருச்சு" என்றார் அதே இன்ஸ்பெக்டர்.

இப்போது அத்தை. அறுபத்தொன்பது வயது, முழங்கால் வலி, சைக்கிளை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. நேற்று அவரைப் பின்னால் உட்கார வைத்துத் திருக்கோகர்ணம் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். ஹெல்மெட் போட மாட்டேன், பூ நசுங்கும் என்றார். பூவைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் போட வைத்தேன். என் இடுப்பைப் பிடித்திருந்த கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. வாய்தான் ஓயவில்லை. "பள்ளம்டி." "மாடுடி." "எதுக்கு இவ்வளவு மெதுவாப் போறே?" வலப்பக்கம் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பியபோது மட்டும் முதுகில் ஒரு தட்டு தட்டினார். திட்டா பாராட்டா என்று நான் கேட்கவில்லை.

பிரகதாம்பாளைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். நான் சாவியைப் போட்டு வண்டியை எடுத்தேன். அத்தை ஏறவில்லை. புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஹேண்டிலை ஒரு பார்வை பார்த்தார்.

"நீ கீழ இறங்கு. இதுல எது முறுக்கு, எது பிரேக்குன்னு மட்டும் சொல்லு."

எல்.எல்.ஆர். இல்லாமல் கூடாது என்று சொல்லி, அரை மணி நேரம் மன்றாடிப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், கோயம்புத்தூருக்குப் போன் போட்டது. மகள் இன்று காலை விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாளாம். மருத்துவருக்கு மோர் ஏற்பாடு செய்ய வேண்டும். எதிர்வீட்டு அக்காவுக்குப் புதிய துளசித் தொட்டி வாங்கியாகிவிட்டது, ஆனால் இப்போதைக்கு மாடியிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அண்ணாச்சி, தபால்காரரே, மேல வீதிக்காரர்களே, திண்ணையைக் காலியாக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு டீச்சர்