மழை ஜாக்கெட்டுகளின் பூச்சு உரிந்தது குறித்தும், வாரண்டி மறுப்பு குறித்தும் புகார்

கோயம்புத்தூர்
18.08.2025

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஜூன் 2024இல் வாங்கிய எட்டு ஜாக்கெட்டுகளில் ஐந்து ஒழுகுவது, "துவைத்ததால் வாரண்டி இல்லை" என்ற தங்கள் பதிலை ஏற்க மறுப்பது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் மலையேற்றக் குழுவின் பொது உபயோகத்துக்காகத் தங்களிடம் எட்டு இரண்டரை அடுக்கு (மேல்துணி, உள்ளே பூச்சு, அதன்மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம்) மழை ஜாக்கெட்டுகளை வாங்கினோம். விலை ஒன்று ரூ. 6,499. வாரண்டி இரண்டு ஆண்டு. பதினான்கு மாதத்தில் ஐந்து ஜாக்கெட்டுகளின் தோள் தையலின்மேல் நீர் புகாதபடி ஒட்டியிருந்த டேப் பெயர்ந்து தண்ணீர் உள்ளே இறங்குகிறது. தங்கள் பதிலில் இரண்டு காரணங்கள் இருந்தன: உள்ளே தெரியும் ஈரம் அணிந்தவரின் வியர்வை, டேப் பெயர்ந்தது மெஷினில் துவைத்ததால். இரண்டுமே தவறு.

முதலில் வியர்வை. இதைத் தெளிவாக்கிக்கொள்ள யாரும் அணியாத நிலையில் சோதித்தோம். ஜாக்கெட்டின் உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டி, தோள்பகுதியைக் கிண்ணம்போல் குழிவாக்கி வாளியின் மேல் கட்டினோம். மழை படும் பக்கம் குழியின் உள்ளே இருக்கும். அதில் 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அடிப்பக்கத்தை உலர்ந்த டிஷ்யூவால் துடைத்துவிட்டு 20 நிமிடம் விட்டோம். ஐந்து ஜாக்கெட்டுகளிலும் தையல் ஓடும் கோட்டிலேயே துளிகள் வரிசையாகக் கோத்தன. மற்ற மூன்றில் ஒரு துளிகூட இல்லை. 10 செ.மீ. நீர் என்பது 100 மி.மீ. நீர்த்தூண். தங்கள் டேக்கில் அச்சிட்டிருப்பது 10,000 மி.மீ., அதாவது அவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று. முதுகுப்பையின் வார் தோளில் தரும் அழுத்தம் இந்த 100 மி.மீ.யைவிடப் பல மடங்கு அதிகம். அப்படியிருக்க, மழையில் இந்தத் தோள் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது சலவை. எட்டு ஜாக்கெட்டுகளில் இரண்டை ஒருமுறைகூடத் துவைக்கவில்லை. அந்த இரண்டுமே ஒழுகும் ஐந்தில் இருக்கின்றன. நன்றாக இருக்கும் மூன்றும் தலா மூன்று முறை துவைத்தவை. சலவைதான் காரணம் என்றால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

காரணம் வேறு என்பதை டேப்பே காட்டுகிறது. டேப்பின் பசை சரியாக ஒட்டாமல் போயிருந்தால், பெயர்ந்த டேப்பின் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும். இங்கே ஐந்திலும் உள்பக்கத்து வெள்ளைப் பூச்சு டேப்போடு சேர்ந்தே உரிந்து வருகிறது. பசை பிடித்துக்கொண்டிருக்கிறது; அது பிடித்திருக்கும் பூச்சுதான் துணியைக் கைவிட்டுவிட்டது. காலர் ஓரத்தில் அதே பூச்சு பிசுபிசுத்து, புளித்த வாடை அடிக்கிறது. பாலியூரித்தேன் (ஒருவகைப் பிளாஸ்டிக்) பூச்சு ஈரமும் வெப்பமும் சேர்ந்து சிதையும்போது தெரியும் அடையாளம் இது. பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேன் இப்படிச் சீக்கிரம் சிதையும், பாலியீத்தர் வகை அதைவிட வெகுநாள் தாங்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரிந்ததுதான். ஈரத்தோடு பைக்குள் சுருட்டி வைத்தால் எந்த வகையும் கெடும். நாங்கள் அப்படி வைக்கவில்லை. எட்டும் நிழலில் காய்ந்து, ஒரே காற்றோட்டமான அலமாரியில் ஹேங்கரில் தொங்கியவை. ஒரே அலமாரியில் இருந்த எட்டில் ஐந்து மட்டும் கெட்டன என்றால், அந்த ஐந்தின் பூச்சுத் தொகுதியைத் தாங்கள் சோதிக்க வேண்டும்.

சலவை லேபிளைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அதில் "துவைக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்கவும்" என்றிருக்கிறது. அதே ஜாக்கெட்டின் டேக்கில் மேல்துணிக்கு ஃபுளோரோகார்பன் (ஃபுளோரின் சேர்ந்த வேதிப்பொருள்) இல்லாத நீர்விலக்குப் பூச்சு தரப்பட்டிருப்பதாகவும் இருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு அது நல்லது, அதற்காகவே இந்த மாடலைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் அந்தப் பூச்சு தண்ணீரைத் தள்ளுமே தவிர எண்ணெயைத் தள்ளாது. உடம்பு எண்ணெய், சன்ஸ்க்ரீன், வியர்வை உப்பு எல்லாம் காலரிலும் மணிக்கட்டிலும் படிந்துவிடும். படிந்த இடத்தில் மழைத்துளி உருண்டு ஓடாமல் மேல்துணியில் ஊறும். ஊறிய துணி ஆவியை வெளியே விடாது. துவைக்காமல் வைத்திருக்கச் சொல்வது ஜாக்கெட்டைக் கெடுக்கச் சொல்வதற்குச் சமம்.

நாங்கள் துவைத்த முறை இது: ஜிப், வெல்க்ரோ எல்லாவற்றையும் மூடி, 30 டிகிரி தண்ணீரில், முன்கதவு மெஷினில் மென்மையான சுற்று. இவ்வகைத் துணிக்கென்றே விற்கும் திரவம் மட்டும். சாதாரண சலவைத்தூளின் மிச்சம் துணியில் தங்கித் தண்ணீரை ஈர்க்கும் என்பதால் அதைத் தொடவில்லை. துணியை மென்மையாக்கும் திரவமும் கிடையாது. கூடுதலாக இரண்டு முறை அலசல், குறைந்த வேகச் சுழற்சி. நிழலில் காய்ந்தபின் பருத்தித் துணியை மேலே விரித்து, நீராவி இல்லாமல், குறைந்த சூட்டில் இஸ்திரி. அந்தச் சூடுதான் நீர்விலக்குப் பூச்சை மீண்டும் எழுப்பும். இதில் எந்தப் படி தவறு என்று தங்கள் தொழில்நுட்பப் பிரிவு எழுத்தில் சொல்லட்டும்.

"மேற்குத் தொடர்ச்சி மலை மழைக்காலத்துக்கு ஏற்றது, காற்றோட்டம் 10,000 கிராம்" என்று விளம்பரம் செய்கிறீர்கள். ஒரு சதுர மீட்டர் துணி ஒரு நாளில் வெளியே விடும் நீராவியின் எடை அது. எந்த முறையில் அளந்த 10,000 என்று டேக்கில் இல்லை. ஜேஐஎஸ் எல் 1099 என்ற ஜப்பானியச் சோதனைத் தரத்திலேயே ஏ1, பி1 என்று முறைகள் உண்டு. துணி நீரைத் தொட்டபடி இருக்கும் பி1 முறையில் எண் பொதுவாகப் பெரிதாக வரும். முறையைச் சொல்லாத எண்ணை வைத்து இரண்டு ஜாக்கெட்டுகளை ஒப்பிட முடியாது. மேலும், ஆவி வெளியேறுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஆவி அழுத்த வித்தியாசத்தால். 33 டிகிரித் தோலருகே ஆவி அழுத்தம் அதிகபட்சம் 5 கிலோபாஸ்கல். வெளியே 0 டிகிரி என்றால் 0.6தான், வித்தியாசம் 4.4. வால்பாறையில் 20 டிகிரியில் மழை பெய்யும்போது வெளியே 2.3; வித்தியாசம் 2.7 ஆகச் சுருங்குகிறது. குளிர்நாட்டுக்கு வடிவமைத்த துணி இங்கே குறைவாகத்தான் வேலை செய்யும். இது துணியின் குற்றமில்லை. அக்குளில் காற்று போக ஜிப்பே வைக்காத ஜாக்கெட்டை இந்த மலைக்கென்று விற்றதுதான் குற்றம்.

எங்கள் கோரிக்கை:

ஐந்து ஜாக்கெட்டுகளுக்கும் முழுத்தொகை ரூ. 32,495 திரும்ப வேண்டும், அல்லது வேறு தொகுதியில் தயாரான புதியவை வேண்டும். புது டேப் ஒட்டித் தருவதாகச் சொன்னால் ஏற்க மாட்டோம். டேப் ஒட்டுவதற்கு அடியில் பூச்சு இல்லை. மீதி மூன்றுக்கும், துவைத்திருந்தாலும் வாரண்டி செல்லும் என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். சலவை லேபிளைத் திருத்தி, டேக்கில் சோதனை முறையின் பெயரையும் அச்சிட வேண்டும்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோம். பில், சோதனைப் படங்கள், உரிந்த டேப்பின் இரண்டு துண்டுகள் இணைக்கப்பட்டுள்ளன. மீதி டேப்பை எங்களிடமே வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
குழுவின் உபகரணப் பொறுப்பாளர்கள்