கவாத்துக் கத்தரியை இப்போதைக்குத் தொடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. புது வீட்டில் குடியேறிவிட்டீர்கள், தங்கைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் மேற்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது இலையின் நரம்பு வரைக்கும் தெளிவாகத் தெரிகிறது.

வாழ்நாளெல்லாம் அடுக்குமாடியில் இருந்த உனக்கு, பாலைவன ஊரிலாவது ஒரு தோட்டம் வாய்த்ததே என்று மகிழ்ந்துகொண்டே படித்து வந்தேன். கடைசிப் பத்திதான் பதற வைத்தது. வெயிலில் எல்லாம் வாடிக் கிடக்கிறது, ஆள் வைத்து ஒட்ட வெட்டி, உரம் போட்டு, புதுச் செடிகள் நடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் செய்யாதே. கோடை முடியப்போகும் இந்த வாரங்களில் செடிகள் களைத்துப் போயிருக்கின்றன. அவற்றுக்கு இப்போது வேண்டியது ஆழமாக இறங்கும் தண்ணீர். வெட்டுவது, நடுவது எல்லாம் பிறகு.

தண்ணீர் தினமும் விடுகிறேன் என்கிறாய். எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்தாயா? நீளமான இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொள். தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் காலையில் மரத்தருகே கம்பியை நிலத்தில் அழுத்து. ஈரம் இருக்கும் வரை தடையில்லாமல் இறங்கும். காய்ந்த மண்ணைத் தொட்டதும் நின்றுவிடும். உன் தோட்டத்தில் அது அரை அடியிலேயே நின்றுவிடும் என்று நினைக்கிறேன். மரங்களுக்கு 90 சென்டிமீட்டர், புதர்ச் செடிகளுக்கு 60, புல்லுக்கும் சிறு பூச்செடிகளுக்கும் 30 சென்டிமீட்டர் வரை ஈரம் இறங்க வேண்டும். அவ்வளவு தூரம் இறங்கும்வரை மெதுவாக நீண்ட நேரம் விடு. பிறகு மேல்மண் நன்றாகக் காயும்வரை நிறுத்திவை. இரவு நீண்டு குளிர்ச்சி தொடங்கியதும் பாய்ச்சும் நேரத்தைக் குறைக்காதே, இடைவெளியைக் கூட்டு. கடுங்கோடைக்கு வைத்த கணக்கைக் குளிர்காலம் வரை மாற்றாமல் விட்டு வேரை அழுக வைப்பவர்கள் நிறையப் பேர்.

தண்ணீரை எங்கே விடுகிறாய் என்பதையும் கவனி. சொட்டுநீர்க் குழாயை அடிமரத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள். கன்றாக இருந்தபோது அது சரி. வளர்ந்த மரம் தண்ணீர் குடிக்கும் மெல்லிய வேர்கள், கிளைப்பரப்பின் விளிம்பிலும் அதற்கு வெளியிலும்தான் அதிகம். சொட்டுவான்களை அங்கே நகர்த்து. அடைத்துக் கிடப்பவற்றையும் மாற்று. வடிகட்டியைக் கழற்றிக் கழுவினாலே பாதிப் பிரச்சினை தீரும். தரையில் கிடக்கும் ரப்பர் குழாயைப் பயன்படுத்தினால், வெயிலில் கொதித்த முதல் தண்ணீரை ஒதுக்குப்புறமாக ஓடவிட்டுப் பிறகு செடிக்குக் காட்டு. கையே வெந்துவிடும் சூடு அது.

ஆழத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு உப்பும் ஒரு காரணம். வறண்ட நிலத்து மண்ணிலும் தண்ணீரிலும் உப்பு அதிகம். தினமும் கொஞ்சமாகத் தெளித்தால் நீர் ஆவியாகிவிடும், உப்பு வேரடியிலேயே தங்கிவிடும். இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகியிருக்கின்றன என்றாயே, அது பெரும்பாலும் இந்த உப்பாகத்தான் இருக்கும். ஒரு முறை நிறையத் தண்ணீர் விட்டால் உப்பு வேருக்குக் கீழே கரைந்து இறங்கிவிடும். இன்னொன்று, கோடைப் புயல்காற்றில் மரங்கள் வேரோடு சாய்வதற்கும் மேலோட்டமாகப் பாய்ச்சும் பழக்கம் ஒரு காரணம். வேர் மேலேயே படர்ந்துவிட்டால் மரத்துக்குப் பிடிமானம் எங்கிருந்து வரும்?

இலை மஞ்சளாவதைப் பற்றிக் கேட்டாய். எந்த இலை என்று பார். புதிய தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து போதவில்லை என்று பொருள். மண்ணில் இரும்பு இருக்கும்; காரத்தன்மையால் வேருக்குக் கிடைக்காது. அளவுக்கு மீறி நீர் விட்டால் அது இன்னும் மோசமாகும். ஆகவே முதலில் தண்ணீரைச் சரிசெய். அதற்கும் தேறாவிட்டால் கார மண்ணிலும் வேலை செய்யும் இரும்புச் செலேட் (வேர் உறிஞ்சும் வடிவில் இருக்கும் இரும்புச்சத்து உரம்) வாங்கிப் போடு. அடி இலைகள் முழுவதும் ஒரே சீராக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு. அதற்காகக் கடும் வெயிலில் மூட்டையைக் கொட்டிவிடாதே. வெப்பம் தணியத் தொடங்கியதும் கொஞ்சமாகக் கொடு. மதியம் துவண்டு காலையில் நிமிர்ந்து நிற்கும் செடிக்கு ஒரு குறையும் இல்லை. காலையிலும் துவண்டு கிடந்தால் கம்பியை எடு. வேர் அழுகிய செடியும் தாகத்தில் வாடிய செடி போலவே தெரியும்.

இனிக் கத்தரிக்கு வருகிறேன். இலைதான் பட்டைக்கு நிழல். அதை ஒட்ட வெட்டிவிட்டால் அதுவரை வெயில் படாத பட்டை வெந்து வெடிக்கும்; அந்த வெடிப்பில் பூச்சி புகும். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் பட்டை மிக மெல்லியது. தரையைத் தொடும் அடிக்கிளைகளை அசிங்கம் என்று அகற்றச் சொல்வார்கள், கேட்காதே. அடிமரம் ஏற்கெனவே வெயில் படும்படி நின்றால் தண்ணீரில் கரையும் வெள்ளைப் பூச்சை அடித்துவிடு. காகிதப்பூவை இப்போது வெட்டினால் வரும் இளந்தளிர் முதல் உறைபனியிலேயே கருகிப்போகும். உடைந்த கிளை, காய்ந்த கிளை, சுவரில் உரசும் கிளை ஆகியவற்றை மட்டும் எடு. ஈச்சை மரத்தில் பச்சை மட்டை ஒன்றைக்கூட வெட்ட விடாதே, அதுதான் மரத்தின் சாப்பாடு. ஆரஞ்சுக் காய்கள் இந்தப் பருவத்தில் வெடிப்பது, பெரும்பாலும் நெடுநாள் காயவிட்டுத் திடீரென்று வெள்ளமாகப் பாய்ச்சுவதால்தான்.

சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது என்றாய். ஒரு குச்சியால் நசுக்கிப் பார், குங்குமச் சிவப்பாக வடியும். கொச்சினியல் பூச்சி அது. அந்தச் சாயத்துக்காகவே முன்பு உலகமெங்கும் வணிகம் நடந்தது. குழாய்நீரை வேகமாகப் பீய்ச்சினால் போய்விடும், மருந்து வேண்டாம். ஆனால் ஆனைக்கற்றாழையில் வெளி மடல்கள் சுருங்கிச் சாய்ந்து, நடுக்குருத்து மட்டும் நின்றால் கூன்வண்டின் புழு உள்ளே தின்றுகொண்டிருக்கலாம். அதைக் காப்பாற்ற முடியாது. பக்கத்துச் செடிக்குப் போகுமுன் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி அப்புறப்படுத்து. கையுறை இல்லாமல் கல்லைப் புரட்டாதே, தேள் இருக்கும்.

புல்தரை அருகம்புல்தான் என்றால் கவலையே இல்லை, வெயில் அதற்குப் பிடிக்கும். குளிர்காலத்திலும் பச்சை வேண்டுமென்றால் இரவு வெப்பம் 13 முதல் 18 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும்போது, குளிரில் வளரும் ரை புல்லின் விதையைத் தூவலாம். உன் இடத்தில் நான் இருந்தால் தூவமாட்டேன். அருகம்புல் குளிரில் பழுப்பாகித் தூங்கட்டும், அவ்வளவு தண்ணீர் மிச்சம்.

நடவுக்கு ஏற்ற காலம் இனிமேல்தான். காற்று குளிர்ந்து மண் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும் அந்த இலையுதிர் வாரங்களில், இலைக்குச் சுமையில்லாமல் வேர் வேகமாக ஓடும். அதற்குள் நீ செய்யக்கூடிய உருப்படியான வேலை ஒன்று உண்டு. நடப்போகும் இடத்தில் 60 சென்டிமீட்டர் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பார். மறுநாளும் தேங்கியே நின்றால் அடியில் சுக்கான் பாறை, அதாவது சுண்ணாம்பு இறுகிய கெட்டி அடுக்கு, இருக்கலாம். கடப்பாரையால் அதை உடைத்து ஊடுருவ வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும். அடிமரத்தைத் தொடாமல் நாலு விரல் கனத்துக்கு மரச்சிராய் மூடாக்கும் இட்டுவை. மூடாக்குக்குப் பதில் வெறும் ஜல்லியைப் பரப்பினால், அது மண்ணின் ஈரத்தைக் காத்தாலும் பகல் சூட்டை வாங்கி இரவெல்லாம் செடி மேலேயே கக்கும்.

வேலையெல்லாம் விடியற்காலையில் வைத்துக்கொள். உனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, நினைவிருக்கட்டும். குழியில் தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் வடிந்தது, கம்பி எவ்வளவு ஆழம் போனது என்று எழுது. எந்த மரக்கன்று வாங்குவது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எதையும் வாங்கிவிடாதே.

தங்கைக்கு என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்